மெஸ் அக்காவின் அடுப்படியும் என் மூன்றாவது ஃபேனும்

எக்ஸாஸ்ட் ஃபேன் விற்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: அவன் விற்ற சரக்கு சுவரில் தெரியும், அது செய்கிற வேலை யார் கண்ணுக்கும் தெரியாது.

சீலிங் ஃபேன் வாங்கியவர் அதற்குக் கீழே போய் நிற்பார், வேட்டி படபடத்தால் திருப்தியாகிவிடுவார். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கியவரோ அதையும் முறைப்பார், என்னையும் முறைப்பார். "ஓடுதுங்களா?" என்பார். ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாடிக்கையாளர் முன்னால் கணக்குச் சொல்லி அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என்னைப் பார்த்துச் சிரிக்காமல் மேலே படியுங்கள். புகை அடுப்பு முன்னால் நின்று கண்ணைக் கசக்கியவர்களாக இருந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

பாயின் மூக்கும் என் டேப்பும்

எழுபதுகளின் கடைசியில், டிப்ளமா முடித்த கையோடு சேலம் டவுனில் ஒரு எலக்ட்ரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அதுவரைக்கும் ஃபேனுக்கு அளவு பார்த்தவர் அவரே. அறைக்குள் நுழைவார், மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவார், "பன்னெண்டு இஞ்சு" என்பார், வெளியே வந்துவிடுவார். அவர் வயதுக்கு இனி பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் உறிஞ்ச முடியாது என்பதால்தான் என்னைச் சேர்த்தார்.

நான் ஐம்பது அடி டேப்பும் கோடு போட்ட நோட்டுமாகப் போய் நின்றேன். அறையின் நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும், அதை உயரத்தால் பெருக்க வேண்டும். அறைக்குள் எத்தனை கன அடி காற்று இருக்கிறது என்று தெரிந்துவிடும். மணிக்கு எத்தனை தடவை அந்தக் காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது அறையைப் பொறுத்தது. படுக்கும் அறைக்குக் கொஞ்சம், அடுப்படிக்கு நிறைய. அந்த எண்ணால் பெருக்கி அறுபதால் வகுத்தால், நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் வேண்டும் என்று விடை வரும். இதைப் பாய்க்கு மூச்சு விடாமல் விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாட்டிய ஃபேன் திரும்பிக் கடைக்கு வரக் கூடாது, மூன்று இடங்களிலிருந்து திரும்பி வந்தால் நான் ஊருக்குத் திரும்பிவிடலாம். ஊர் என்றால் நாமக்கல் பக்கம். அங்கே அப்பா கோழிப்பண்ணை போட்டுவிட்டு முட்டை பொறுக்க நம்பகமான ஆள் தேடிக்கொண்டிருந்தார். டிப்ளமாவை முட்டைத் தட்டில் அடுக்க எனக்கு விருப்பமில்லை. "என் கணக்கு தப்பாது பாய்" என்று அடித்துச் சொன்னேன். பாய் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்துக்கு இது தெரியுமா தம்பி?"

வேர்க்க வேண்டிய இடம்

முதல் பெரிய ஆர்டர் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடம். நாற்பதடி நீளம், இருபத்தைந்தடி அகலம், பன்னிரண்டடி உயரம். பன்னிரண்டாயிரம் கன அடி! உள்ளே நுழைந்ததும் வேர்த்துக் கொட்டியது. ஜன்னல்களெல்லாம் மூடிக் கிடந்தன, தறிகளுக்கு நடுவே ஈரச் சாக்குகள் தொங்கின, தரையில் வேறு தண்ணீர் தெளித்திருந்தார்கள். இந்த மனிதர்கள் இப்படி வெந்து சாகிறார்களே என்று எனக்கு மனசு உருகிவிட்டது. தறிக்காரக் கவுண்டரிடம் பேசிப் பேசி இரண்டு பதினெட்டு அங்குல ஃபேன்களை மாட்டினேன். ஜன்னல்களையும் நானே என் கையால் திறந்துவிட்டேன்.

மாட்டிய அரை மணியில் கூடம் ஜிலுஜிலுவென்று ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தறியாக நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகள் பட்டுப் பட்டென்று அறுந்துகொண்டிருந்தன. ஈரக் காற்று இருந்தால்தான் பருத்தி நூல் தாங்குமாம், காய்ந்தால் அறுந்துவிடுமாம். சாக்கும் தண்ணீரும் அதற்காகத்தானாம். இத்தனை "மாம்"களையும் மாட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கவுண்டர் கோபப்படக்கூட இல்லை. ஃபேன்களைக் கழற்றிச் சாக்கில் சுற்றி என்னோடு அனுப்பினார். பாய் பெரிய மனசு பண்ணி, இரண்டு ஃபேன் ஆனாலும் ஒரே இடம் என்று ஒன்றாகவே எண்ணிக்கொண்டார். பஸ் ஏற்றிவிடும்போது கவுண்டர் சொன்னது:

"நீங்க எங்க வேர்வையைப் பாத்தீங்க, அது சரிங்க. நூலை யாருங்க பாக்கறது?"

டேப்பு எட்டாத தூரம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தார் திருச்செங்கோட்டுக்கார அக்கா ஒருவர். பெயர் பாவாயி, எங்களுக்கெல்லாம் மெஸ் அக்கா. கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் பம்பாய் ரோட்டில் இருப்பார். இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பும் அந்த விறகடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தது. நானும் நாலைந்து பேங்க் குமாஸ்தாக்களும் தினமும் அங்கேதான் சாப்பாடு. அக்கா ரசம் ஊற்ற வரும்போது கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போல இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் ரசம் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

மாடியில் வீட்டுக்காரர். ரிட்டயரான தாசில்தார், ஆத்தூர்க்காரர். புகை மாடிக்கு வருகிறது என்று அவர் நாலைந்து முறை எச்சரித்துவிட்டார். அடுப்படியில் அடுப்பை ஒட்டி, மாடிப்படி பக்கம் திறக்கிற கதவு ஒன்று இருந்தது. அதன் வழியாகத்தான் புகை ஏறுகிறது என்று தாழ்ப்பாள் போடச் சொல்லி, அதற்கு மேல் ஒரு பூட்டும் போட்டுவிட்டார். அக்கா என்னிடம் ஃபேன் கேட்டார். எனக்குத் தைரியம் வரவில்லை. ஏற்கனவே ஒன்று திரும்பி வந்திருந்தது. தெரியாத ஊரில் தோற்றால் பஸ் ஏறிவிடலாம், தினமும் சாப்பிடுகிற இடத்தில் தோற்றால் எங்கே போவது? "பாக்கலாங்க்கா, பாக்கலாங்க்கா" என்று இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் இலையில் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"ஊருக்கெல்லாம் அளக்கறீங்க. நம்ம அடுப்படிக்கு மட்டும் அந்த டேப்பு எட்டாதுங்களா சாமி?"

சங்ககிரியில் ஒரு பச்சை லாரி

லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட். ஸ்ப்ரே அடிக்கும்போது பெயிண்ட் வாடை நெஞ்சை அடைக்கிறது என்று ஃபேன் கேட்டார்கள். நியாயமான தேவை. நூல் கீல் எதுவும் இல்லை என்று இந்த முறை நன்றாக விசாரித்துக்கொண்டேன். அளந்தேன், பெருக்கினேன், இருபத்து நாலு அங்குலத்தில், மூன்று பேஸ் கரண்டில் ஓடுகிற ஃபேன் ஒன்றை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் ஹோவென்று சுற்றியது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. சேலம் பஸ்ஸும் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். சுற்றுவதைப் பார்த்தேனே தவிர, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கையை நீட்டிப் பார்க்கவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் கடலை உடைக்கிற மில். மறுநாள் பூஜை போட இருந்த பச்சை லாரி ஒன்றுக்குக் கடைசிக் கோட்டிங் அடித்து, ஈரம் காய்வதற்குள் ஃபேனைப் போட்டிருக்கிறார்கள். மில்லில் பறந்த கடலைத் தோலையெல்லாம் என் ஃபேன் உள்ளே இழுத்து அந்த லாரிமேல் அப்பிவிட்டது. ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், ஓடிப் போய் வயரை மாற்ற இரண்டு நிமிஷம் போதும் என்று கெஞ்சினேன். லாரிக்காரர் கேட்கவில்லை, ராசியில்லாத ஃபேன் இனி அந்தக் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்றுவிட்டார். இரண்டாவதும் திரும்பியது. நான் சாக்கில் சுற்றும்போது அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இனி இந்த வண்டிக்கு நம்பர் பிளேட்டே வேண்டாமுங்க. கடலைத் தோலு வண்டின்னா ஜில்லாவே அடையாளஞ் சொல்லிரும்."

சம்பந்தியை விட மூன்று அங்குலம்

நாமக்கல் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணையக்காரர். புதிதாக மாடி வீடு கட்டியிருந்தார். சமையலறை எட்டுக்கு எட்டு. என் கணக்குப்படி நிமிஷத்துக்கு இருநூற்றுச் சொச்சம் கன அடிதான், ஒன்பது அங்குல ஃபேனே தாராளம். அவர் கணக்கே வேறு. "சம்பந்தி ஊட்டுல எத்தனை இஞ்சுங்க?" என்றார். பதினைந்து என்று அவருக்கே தெரிந்திருந்தது. "அப்ப நமக்குப் பதினெட்டு" என்று முடித்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. பெரிய ஃபேன் திரும்பி வராது என்று ஒரு நப்பாசை.

சம்பந்தி குடும்பம் விருந்துக்கு வந்த அன்று, என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார். சமையலறைக் கதவு தானாகவே டமாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. உள்ளே இருந்த சம்பந்தி அம்மாள் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டார். ஆணியில் தொங்கிய காலண்டர் பறந்து போய் ஃபேன் கம்பியில் ஒட்டிக்கொண்டது. கதவு மூடியதும் ஃபேனுக்குக் காற்று வர வழியில்லை. பக்கத்துப் பூஜை அறைக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அந்த வழியாக விசிலடித்துக்கொண்டு இழுத்த இழுப்பில் சாமி விளக்கு அணைந்துவிட்டது. நல்லவேளை, ஃபேன் திரும்பி வரவில்லை. சம்பந்திக்குத் தெரிந்துவிடும் என்று கழற்றாமலே வைத்துக்கொண்டார், அதன் பிறகு ஸ்விட்சைத் தொடவும் இல்லை. வீட்டு அம்மாள் விளக்கை மறுபடி ஏற்றிவிட்டு, கணவரைப் பார்த்துச் சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது:

"உங்க கௌரவம் பதினெட்டு இஞ்சு. சாமி வெளக்கு ஒரு இஞ்சுதானுங்களே இருந்துச்சு."

அக்னி மூலை, வாயு மூலை

அந்த வருஷம் ஆனி கடைசியில் தாசில்தார் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆடியில் யாரையும் காலி செய்யச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லையாம், ஆவணி பிறந்ததும் மெஸ் இடம் மாற வேண்டுமாம். அந்த ஏரியாவில் விறகடுப்புக்கு வேறு யாரும் இடம் தரமாட்டார்கள். அக்கா என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. நானாகவே டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன், அடுப்படிக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். இரண்டு நிமிஷம் நிற்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

பதினைந்துக்குப் பத்து, உயரம் பத்து. மணிக்கு முப்பது தடவை காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நிமிஷத்துக்கு எழுநூற்றைம்பது கன அடி. பதினைந்து அங்குல ஃபேன், தேவைக்கு மேலேயே. ஆனால் சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் அனுமதி வேண்டுமே. தாசில்தார் சாஸ்திரத்தில் ஊறியவர். அடுப்பு இருக்கும் தென்கிழக்கு அக்னி மூலை, அங்கே சுவரை உடைக்கவே கூடாது என்றார். காற்றுக்கு உரியது வடமேற்கு வாயு மூலை, போடுவதென்றால் அங்கே போடு என்றார். அந்த மூலையில் ஏற்கனவே ஒரு ஜன்னல். அதற்கு நேர் மேலே ஃபேனை மாட்டினேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று இந்த முறை கையை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். வெளியேதான் போனது.

எல்லாம் சரி, புகை மட்டும் போகவில்லை. ஃபேன் ஒரு மூலையில் ஹோவென்று ஓடியது, எதிர் மூலையில் புகை அப்படியே உட்கார்ந்திருந்தது. நாலு நாள் பார்த்தேன். அக்கா குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தாசில்தார் படியில் நின்று இருமிக்கொண்டே சொன்னார்:

"உன் ஃபேன் ரொம்ப நல்லா ஓடுதுப்பா. ஆவணியில மறக்காம கழட்டிட்டுப் போயிடு."

மிளகாய்ப் பரீட்சை

மூன்றாவது ஃபேன். முட்டைத் தட்டு கண் முன்னால் வந்து போனது. அதைவிட, அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு மெஸ் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "போய் மூக்கால பாருங்க தம்பி, நோட்டால பாக்காதீங்க" என்றார். எனக்கு அவர் மூக்கு இல்லை. அக்காவின் சாமி மாடத்திலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்திக்கொண்டு அடுப்படியில் மூலை மூலையாக நடந்தேன்.

ஜன்னல் பக்கம் போனால் ஊதுபத்திப் புகை விழுந்தடித்துக்கொண்டு ஃபேனுக்குள் ஓடியது. அடுப்புப் பக்கம் போனால் அசையாமல் நேராக மேலே ஏறியது. அப்போதுதான் பண்ணையக்காரர் வீட்டுச் சாமி விளக்கு ஞாபகம் வந்தது. ஃபேன் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கிருந்துதான் காற்றை எடுக்கும். இங்கே கீழேயே ஜன்னல் திறந்து கிடக்கிறது. வெளிக்காற்று ஜன்னலில் வந்து, அப்படியே மேலே ஃபேனில் போய்விடுகிறது. அடுப்படிக் காற்றைத் தொடவே இல்லை! நான் போட்ட கணக்கில் காற்று எவ்வளவு போக வேண்டும் என்று இருந்தது, எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

ஜன்னலை மூட வேண்டும். அடுப்பை ஒட்டிய கதவைத் திறக்க வேண்டும். அதாவது, தாசில்தார் பூட்டி வைத்த அதே கதவை. சாவி கேட்கப் போனபோது, கதவைத் திறந்தால் புகை மேலே வராது என்று நான் சொன்னதும், அவர் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் ஒரு பரீட்சைக்கு ஒத்துக்கொண்டார். மத்தியானம், குமாஸ்தாக்கள் எல்லோரும் எச்சில் கையோடு எழுந்து வந்து நின்றார்கள். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். பூட்டுத் திறந்தது. தாசில்தார் படியின் கீழ்ப்படியில், முகத்தில் துண்டை இறுக்கிக்கொண்டு, கதவுக்கு நேராக நின்றார். ஃபேனைப் போட்டேன். அக்கா இரண்டு கை நிறையக் காய்ந்த மிளகாயைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டார்.

ஒருவரும் மூச்சு விடவில்லை. நெடி கிளம்பியது. கதவு வழியாக வந்த காற்று அதைத் தள்ளிக்கொண்டு அறைக்குள்ளே போய், எதிர் மூலையில் ஃபேன் வழியாக வெளியேறியது. தாசில்தாரின் துண்டு நுனிகூட உள்பக்கமாகத்தான் ஆடியது. அவர் மெதுவாகத் துண்டை இறக்கினார். ஒரு தரம் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு தும்மல் இல்லை. அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அதற்குப் பதிலாக எதையோ பறிகொடுத்தவர்போல நின்றார். டாக்டர் அவருக்குக் காரம், புளி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாடியில் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, கீழேயிருந்து வருகிற குழம்பு வாசனையைத்தான் அவர் தொட்டுக்கொண்டிருந்தாராம்.

"இருந்துக்கம்மா, காலி பண்ண வேண்டாம்" என்று அக்காவிடம் சொன்னார். இரண்டு படி ஏறியவர், திரும்பி என்னிடம் குரலை இறக்கிச் சொன்னார்:

"புகை வேண்டாம்னுதான்யா சொன்னேன். வாசனையையும் சேர்த்து வெளிய தள்ளிட்டியே!"

அக்கா சொன்னது

ஃபேன் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. பாய் அன்றிலிருந்து எனக்கு டேப்போடு ஒரு கட்டு ஊதுபத்தியும் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் மீன் குழம்பு வைத்தால், ஒரே ஒரு நிமிஷம் ஃபேனை நிறுத்தச் சொல்லி மாடியிலிருந்து கைத்தடியால் தரையைத் தட்டுகிற சத்தம் வரும். அக்கா சிரித்துக்கொண்டே நிறுத்துவார்.

ஆனால் எனக்கு மறக்காதது பரீட்சை முடிந்த அந்த மத்தியானம்தான். எல்லோரும் கைகழுவப் போன பிறகு அக்காவைத் தேடி உள்ளே போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, புகை இல்லை, கதவு வழியாக வெளிச்சம் விழுந்திருந்தது. அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி சுவரையும் உத்தரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தரையிலிருந்து கூரை வரைக்கும் கரி பாளம் பாளமாகப் படிந்திருந்தது. அன்றைக்கு அவர் கண் சிவந்தது புகையால் இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இந்தச் செவுரு இத்தனை கருப்புங்களா சாமி? பதினோரு வருசமா நானு இதுக்குள்ளயா நின்னேன்?"

அதன் பிறகு இந்தத் தொழிலில் நான் எத்தனையோ அறைகளை நீளம், அகலம், உயரம் என்று பெருக்கி அறுபதால் வகுத்துவிட்டேன், ஆனால் டேப்பை விரிக்கும் முன்பு அந்த அறைக்குள் ஐந்து நிமிஷம் நானே நின்று இருமிப் பார்த்துவிடுகிறேன்; விடை பெரும்பாலும் அதிலேயே வந்துவிடுகிறது, டிப்ளமாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.